ஐரிஸ் பூவின் ஊதா எங்கே போனது? (ஜப்பானிய மரக்கட்டை அச்சுகள் பற்றி)

கடலோரம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மூன்று வருடமாக யோகோஹாமாவில் வேலை பார்க்கிறேன். போன வருடம் டோக்கியோவின் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத்தெருவில் மரக்கட்டையில் அச்சிட்ட ஒரு படம் வாங்கினேன். ஒடுங்கிய நெட்டைத் தாள், மூன்று ஐரிஸ் பூக்கள், ஒரு மீன்கொத்தி. வரைந்தவர் கையெழுத்தைக் கடைக்காரராலேயே உறுதியாகப் படிக்க முடியவில்லை. தாளின் கீழ்ப்பக்கம் கிழிந்திருந்ததால் என்னால் வாங்க முடிகிற விலைக்கு வந்தது. பழைய மரச்சட்டம், அட்டை விளிம்பு எல்லாவற்றோடும் அப்படியே எடுத்து வந்து கூடத்தில் மாட்டிவிட்டேன்.

இந்த ஜூனில் ஹொரிகிரி ஐரிஸ் தோட்டத்துக்குப் போனேன். அங்கே பூத்திருந்த ஊதாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தால் மனசு சமாதானமாகவில்லை. என் படத்தில் பூக்கள் சாம்பல் கலந்த நீலமாக இருக்கின்றன. இலையின் பச்சை நன்றாகத்தான் இருக்கிறது, மீன்கொத்தியின் முதுகில் நீலமும் பளிச்சென்று இருக்கிறது. பூ மட்டும் களையிழந்து நிற்கிறது. வரைந்தவரே அப்படி விரும்பினாரா, சாயம் போய்விட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மைத்துளி எழுதியது:

கடலோரம், சாயம் போயிருக்கத்தான் அதிக வாய்ப்பு. கியோட்டோவில் ஒரு பட்டறையில் இரண்டு பருவம் மரக்கட்டை அச்சு கற்றுக்கொண்டேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

பூவும் பறவையும் சேர்ந்த படங்களுக்கு ஜப்பானில் 'காச்சோ-ஏ' என்று பெயர். 'கா' என்றால் பூ, 'சோ' என்றால் பறவை. இந்த அச்சுகளில் ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை. ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் வரைந்து தருவார். அதைக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார்கள். ஓவியர் வரைந்த தாள் அந்த வேலையிலேயே அழிந்துபோகும். அப்புறம் அந்தக் கோட்டுக்கட்டையிலிருந்து சில பிரதிகள் எடுத்து, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று ஓவியர் குறித்துக் கொடுக்க, ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை செதுக்குவார்கள். தாள் இம்மியும் நகராமல் இருக்க எல்லாக் கட்டைகளிலும் 'கெந்தோ' என்ற இரண்டு பள்ளக்குறிகள் இருக்கும், மூலையில் ஒன்று, நீள விளிம்பில் ஒன்று. மூங்கில் உறையை நார் நாராகக் கிழித்து முறுக்கிச் சுருட்டிய 'பாரென்' என்ற வட்டத் தேய்ப்பானால் தாளின் முதுகில் அழுத்தித் தேய்த்தால் நிறம் தாளுக்குள் இறங்கும்.

ஊதாவைப் பெரும்பாலும் நீலத்தையும் சிவப்பையும் சேர்த்தே எடுத்தார்கள். அந்தச் சிவப்பு 'பெனி'. குசும்பாப் பூவின் சிவப்பு. வெளிச்சம் பட்டால் தங்காது. பட்டறையில் நானே பெனியால் அச்சிட்ட ஒரு செர்ரிக் கிளையைத் தெரியாத்தனமாக ஜன்னலோரம் வைத்துவிட்டேன். ஒரே கோடையில் இளஞ்சிவப்பு முழுக்கப் போய்விட்டது. கோடு மட்டும் மிச்சம். இன்றும் அந்தத் தாளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

உங்கள் படத்தில் சிவப்பு போய் நீலம் தங்கியிருக்கிறது. எனக்குத் தோன்றுவது அதுதான்.

நெசவுநூல் எழுதியது:

குசும்பா என்றதும் உள்ளே வந்துவிட்டேன். நான் இயற்கைச் சாயத்தில் வேலை செய்பவன். சிலர் இதைக் குங்குமப்பூ என்று நினைத்துக்கொள்வார்கள், அது வேறு. எண்ணெய் எடுக்கிற குசும்பாச் செடிதான் இது. முள் உள்ள செடி, மஞ்சளாகப் பூத்துச் சிவப்பாக மாறும்.

பூவில் மஞ்சள் சாயம்தான் நிறைய. அது தண்ணீரிலேயே கரைந்து போய்விடும். சிவப்பு மிகக் கொஞ்சம், அதுவும் தண்ணீரில் கரையாது. முதலில் மஞ்சளை அலசி அலசி வெளியேற்ற வேண்டும். பிறகு சாம்பல் கரைத்துத் தெளிய வைத்த காரநீரில் பூவை ஊறவைத்துச் சிவப்பை இறக்கி, புளிப்பு சேர்த்தால் அது திரிந்து படியும். ஜப்பானில் அந்தப் புளிப்புக்குப் புகையில் வாட்டிய ஊமே என்ற புளிப்பான ஜப்பானியக் காயைப் பயன்படுத்தினார்கள். பெனிக்குப் பேர்போன இடம் இன்றைய யாமகாத்தா மாகாணத்தில் மொகாமி ஆற்றுப் பகுதி. விடியற்காலையில், பனி ஈரத்தில் முள் மெத்தென்று இருக்கும்போதே பறித்துவிடுவார்களாம்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த நிறம் வெயிலில் ஒரு பருவம் நிற்காது. துணியிலும் இதே கதைதான். அவுரி நீலம் தலைமுறை தாண்டும், குசும்பாச் சிவப்பு தாண்டாது. இரண்டையும் கலந்து ஊதா எடுத்தால் முதலில் ஓடுவது சிவப்புதான். மைத்துளி அக்கா சொன்னது சரி.

பழையதாள் எழுதியது:

தாள் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். கடலோரம், பூவுக்குப் பக்கத்தில் சின்ன முத்திரைகள் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள். டோக்கியோவுக்கு 'எதோ' என்று பெயர் இருந்த காலத்தில் அச்சுக்குப் போகும் படத்தைத் தணிக்கை பார்த்தார்கள். 1790 முதல் அந்த முத்திரைகள் படத்திலேயே செதுக்கப்பட்டன. எந்தக் காலத்தில் எந்த மாதிரி முத்திரை என்பது தெரியும் என்பதால், ஓவியர் பெயர் தெரியாத படத்துக்குக்கூட ஆண்டு சொல்ல முடிகிறது.

கடலோரம் எழுதியது:

இருக்கிறது ஐயா, இடது பக்கம் கீழே இரண்டு. படம் இணைத்திருக்கிறேன். ஒன்று வட்டம், ஒன்று நீள்வட்டம்.

பழையதாள் எழுதியது:

வட்டத்தில் இருப்பது 'அராத்தாமே', அதாவது 'பார்வையிடப்பட்டது'. நீள்வட்டத்தில் பாம்பு ஆண்டின் எழுத்தும் மாத எண்ணும் (அங்கே ஆண்டுகளுக்குப் பன்னிரண்டு விலங்குகளின் பெயர் சுழற்சியாக வரும்). இந்த இரண்டும் ஜோடியாக வருவது 1853-இன் கடைசியிலிருந்து 1857 வரை. அதற்குள் பாம்பு ஆண்டு ஒன்றுதான், 1857. புகழ்பெற்ற ஓவியர் ஹிரோஷிகே உங்கள் ஹொரிகிரி ஐரிஸ் தோட்டத்தை வரைந்த அச்சும் அதே ஆண்டுதான். மூன்று பெரிய ஐரிஸ்கள் கண்ணுக்கு முன்னால் நிற்க, பூப் பார்க்க வந்தவர்கள் தூரத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரிவார்களே, அந்தப் படம்.

ஆனால் முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. பிற்காலத்தில் மறுபடி செதுக்கியவர்கள் முத்திரையையும் சேர்த்தே செதுக்கினார்கள். தாளின் முதுகைப் பாருங்கள். நிறம் பின்பக்கம் வரை ஊறியிருக்கிறதா, பாரென் சுழன்ற தடம் தெரிகிறதா, கோடு கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

1857 என்றே வைத்துக்கொண்டால், நீலம் அனேகமாகப் பெர்லின் நீலம். ஜெர்மனியில் பிறந்து கப்பலில் வந்த செயற்கை நீலம், 1830 வாக்கில் எதோவில் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. ஓவியர் ஹோகுசாயின் புகழ்பெற்ற 'பேரலை' அச்சு அந்த நீலத்தால்தான் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. அது லேசில் போகாது. உங்கள் மீன்கொத்தியின் முதுகு இன்னும் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

அதற்கு முந்தைய நீலத்தின் நிலைமை இன்னும் பாவம். 1765-இல் ஓவியர் ஹாருநோபு காலத்தில் பலநிற அச்சு வந்தபோது நீலத்துக்குப் பெரிதும் பயன்பட்டது ஒரு சின்னப் பூவின் சாறு, 'ஆயோபானா'. வெளிச்சத்திலும் போகும், ஈரத்திலும் போகும். அன்று வானமும் ஆறும் நீலமாக இருந்த அச்சுகள் இன்று வைக்கோல் நிறத்தில் இருக்கின்றன.

சாய்மரம் எழுதியது:

ஐயா, ஒரு மாற்றுக் கருத்து. அந்த வைக்கோல் நிறத்து ஆறுதான் எனக்கு ஹாருநோபுவிடம் ரொம்பப் பிடித்தது. புதிதாக அடித்த மறுஅச்சுகளில் நிறங்கள் கண்ணைக் குத்துகின்றன. இருநூறு வருடம் கைமாறி, சுருட்டி வைத்து, பிரித்துப் பார்த்து, யார் யாரோ ரசித்த அடையாளம் அந்த மங்கலில் இருக்கிறது. கடலோரம், உங்கள் சாம்பல்நீல ஐரிஸை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள் என்பேன். அதற்கும் வயதாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

மைத்துளி எழுதியது:

சாய்மரம், மங்கல் அழகாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகை ஓவியர் தலையில் வைத்துவிடுகிறோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. 'ஜப்பானியர்களுக்கு அடங்கிய நிறங்கள்தான் பிடிக்கும்' என்று எத்தனை பேர் எழுதிவிட்டார்கள். எதோக்காரர்கள் ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலைக்கு ஏறக்குறைய வாங்கிப் போன படங்கள் இவை. கடை வாசலில் தொங்கும்போது தெருவில் போகிறவரை இழுத்து நிறுத்த வேண்டும். அடங்கிய நிறத்தில் யார் செய்வார்கள்?

டோக்கியோவில் அதாச்சி நிறுவனத்தார் ஹோகுசாய், ஹிரோஷிகே அச்சுகளை மறுபடி செர்ரிக் கட்டையில் செதுக்கி, கையால் தேய்த்து எடுக்கிறார்கள். 'அது நகல்தானே' என்று சிலர் ஒதுக்குவார்கள். யோசித்துப் பாருங்கள், மூலம் என்று எதைச் சொல்வது? ஓவியர் வரைந்த தாள் செதுக்கும்போதே போய்விட்டது. அன்று வந்த ஒவ்வொன்றும் பிரதிதான், ஒரு பிரதி போல இன்னொன்று இல்லை. ஒரு பதிப்பில் வானத்தில் மேலிருந்து கீழே நிறம் கரைந்து இறங்கும், அதை 'பொகாஷி' என்பார்கள். கட்டையை ஈரத்துணியால் நனைத்து, தூரிகையின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறம் வைத்துத் தடவுவது. அடுத்த பதிப்பில் அவசரம், பொகாஷியையே விட்டிருப்பார்கள்.

ஹோகுசாய் எழுபது தாண்டிய வயதில் செய்த பத்துப் பெரிய மலர்ப் படங்களைத் தேடிப் பாருங்கள். 1830-களின் தொடக்கம், பேரலையை வெளியிட்ட அதே நிஷிமுராயா யோஹாச்சிதான் வெளியிட்டவர். அதில் கசகசாப் பூக்கள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அலை கவிழப்போகும் அதே வளைவு, ஆனால் பூவில். பியோனிப் படத்தில் காற்று வீசும் வேகத்தில் இதழ்கள் மடங்கிக் கிடக்க, வண்ணத்துப்பூச்சி தடுமாறும். பூ என்றாலே ஜாடியில் அசையாமல் நிற்பது என்று பழகிய கண்ணுக்கு அது ஒரு அதிர்ச்சி. நான் முதல் தடவை பார்த்தபோது வெகுநேரம் நகரவே இல்லை.

செடிகொடி எழுதியது:

அந்தப் பத்தில் காலைமலர்ப் படமும் ஒன்று, 'அசாகாவோ'. இலைகளுக்கு நடுவே ஒரு மரத்தவளை உட்கார்ந்திருக்கும், இலை நிறத்திலேயே. கண்டுபிடிக்க எனக்கு நிறைய நேரம் ஆனது. வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டியபோது அவர்கள் என்னைவிட வேகம்.

தாவரவியல் ஆசிரியை என்பதால் அசாகாவோ பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். சீனாவிலிருந்து மருந்துச் செடியாக வந்தது, விதை பேதிமருந்து. எதோ நகரத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தரமும், 1850-களையொட்டி ஒரு தரமும் அதை வளர்க்கும் மோகம் ஊரையே பிடித்து ஆட்டியது. இதழ் கிழிந்து நார் நாராகத் தொங்குவது, அடுக்காகப் பூப்பது, இலை சுருண்டு கொள்வது என்று விநோத வகைகளைத் தேடித் தேடி வளர்த்தார்கள். அவற்றுக்காகவே மரக்கட்டையில் அச்சிட்ட படத்தொகுப்புகள் வந்தன. ரொம்ப விநோதமான பூ விதை கொடுக்காது. அதனால் அதே விதைக்கூட்டத்தில் சாதாரணமாக முளைத்த உடன்பிறப்புகளை வைத்திருந்து, அவற்றின் விதையிலிருந்து மறுபடி விநோதப் பூவை வரவழைத்தார்கள். மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் பெயர் உலகத்துக்குத் தெரியும் முன்னே தோட்டக்காரர்கள் கையில் இது நடந்திருக்கிறது. அந்த மாற்றங்கள் பலவற்றுக்கும் இதழ்களில் சில கீற்றுகளுக்கும் காரணம் இடம் தாவும் மரபணுத் துண்டுகள் என்று இன்று கண்டுபிடித்திருக்கிறார்கள். டோக்கியோ இரியாவில் ஜூலை 6 முதல் 8 வரை இன்றும் அசாகாவோ சந்தை நடக்கிறது. கடலோரம், முடிந்தால் அதிகாலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும்.

அப்புறம் பழையதாள் ஐயா சொன்ன ஆயோபானா. நம் வயல் வரப்பில் களையாக மண்டுமே கானாம்வாழை, அதன் நெருங்கிய உறவு. அதேபோலச் சின்ன நீலப்பூ, காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும். சாயத்துக்கென்று பெரிய இதழ் வகையை ஷிகா மாகாணத்தில் குசாட்சு பக்கம் வளர்த்தார்கள். இதழ்களைப் பிழிந்த சாற்றைத் தாளில் பூசிக் காயவைத்து, பூசிக் காயவைத்து, அந்தத் தாளைத்தான் விற்பார்கள். அச்சடிப்பவர் ஒரு துண்டு கிழித்துத் தண்ணீரில் போட்டால் நீலம் இறங்கும். பட்டுத்துணிக்குச் சாயமிடுபவர்கள் இதே சாற்றால் முதலில் கோடு வரைந்துகொள்வார்கள், ஏனென்றால் கழுவினால் சுத்தமாகப் போய்விடும். பழைய ஜப்பானியக் கவிதைகளில் மனம் மாறும் காதலுக்கு இந்தப் பூவைத்தான் சொல்வார்கள். அச்சுக்காரர்களுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. போகும் என்று தெரிந்தே வானத்துக்கு அந்த நீலத்தைப் போட்டிருக்கிறார்கள்.

சாய்மரம் எழுதியது:

இது எனக்குத் தெரியாது. பூவை அச்சிட்ட நிறமும் பூவின் சாறு, செதுக்கிய பலகையும் பூக்கிற மரம். நான் மங்கலை ரசித்தது வேறு மாதிரி இப்போது தெரிகிறது. மைத்துளி சொன்னதை ஏற்கிறேன், ஓவியர் மங்கலைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் என் கேள்வி இருக்கிறது. ஐரோப்பிய ஓவியர்கள் மோனேயும் வான்கோவும் இவற்றைப் பார்த்து மயங்கினார்களே, அவர்கள் பார்த்தது எந்த நிறம்?

பழையதாள் எழுதியது:

நல்ல கேள்வி. வான்கோ 1887-இல் ஹிரோஷிகேயின் கமெய்தோ பிளம் தோட்டத்தை எண்ணெய் வண்ணத்தில் அப்படியே பெரிதாக்கி வரைந்தார். மூலம் அச்சாகி முப்பதே வருடம். குறுக்கே வெட்டி நிற்கும் அடிமரம், பின்னால் சிவந்த வானம், எல்லாம் இருக்கிறது. ஓரத்தில் ஜப்பானிய எழுத்துகளோடு இருக்கும் ஆரஞ்சுப் பட்டை அவர் தாமாகச் சேர்த்தது. மோனேயின் ஷிவெர்னி வீட்டில் 231 ஜப்பானிய அச்சுகள் இருந்தன. ஹோகுசாயின் பெரிய மலர்களில் ஐரிஸ், செவ்வந்தி, பியோனி, காலைமலர் எல்லாம் ஏற்கெனவே தம்மிடம் இருப்பதாகச் சொல்லி, கசகசாப் பூ கிடைக்குமா என்று ஒரு கடிதத்தில் கேட்டிருக்கிறார். அவர்கள் கண்டது நம்மைவிட எதோவுக்குக் கிட்டத்தில் இருந்த நிறம் என்று சொல்லலாம்.

இன்று அந்த நிறத்தைக் காண வேண்டுமானால், யாரும் பார்க்காமல் வைத்திருந்த அச்சுகளைத்தான் தேட வேண்டும். 1921-இல் ஸ்பால்டிங் சகோதரர்கள் தங்கள் சேகரிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகளைப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, பொதுக் காட்சிக்கு வைக்கவே கூடாது. அதனால்தான் அவற்றில் ஊதா இன்னும் ஊதாவாக இருக்கிறது. படம்பிடித்த பிரதிகளை இணையத்தில் பார்க்கலாம். என் தொழிலில் இதைவிடக் கஷ்டமான கேள்வி கிடையாது. காட்டினால் நிறம் போகும், காட்டாவிட்டால் எதற்கு வைத்திருக்கிறோம்? நாங்கள் செய்வது நடுவழி. ஐம்பது லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் கிடையாது, சில மாதம் காட்சி, பிறகு வருடக்கணக்கில் பெட்டிக்குள் ஓய்வு.

கடலோரம், உங்கள் படம் எங்கே மாட்டியிருக்கிறது?

கடலோரம் எழுதியது:

பால்கனிக் கதவுக்கு நேர் எதிரே ஐயா. காலை வெயில் வரும். இதைப் படித்ததும் கழற்றிப் படுக்கையறையில் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டேன். கண்ணாடியில் புற ஊதா தடுப்புத் தாள் ஒட்டினால் போதுமா?

பழையதாள் எழுதியது:

கொஞ்சம் உதவும், போதாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே இந்தச் சிவப்பைப் போக்கிவிடும். அறையில் வெயில் வராத சுவர்தான் மருந்து.

இன்னொன்று செய்யுங்கள். சட்டம் பழையது என்றீர்கள், அட்டை விளிம்பும் பழையது. படத்தின் ஓரம் அட்டைக்குள் மறைந்திருந்தால் அங்கே வெளிச்சம் பட்டிருக்காது. கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, மேசையில் சுத்தமான துணி விரித்து, குப்புற வைத்து மெதுவாகத் திறவுங்கள். தாள் எங்கேயாவது ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம், அப்படியே மூடி வையுங்கள். செலோடேப் எதுவும் கிட்டே வரக் கூடாது. மறுபடி சட்டம் போடும்போது அமிலம் இல்லாத அட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

மைத்துளி எழுதியது:

திறக்கும்போது கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தும் ஒருமுறை பாருங்கள். வெள்ளைப் பூ, வெள்ளை இறகு இருக்கும் இடங்களில் மையே தடவாத கட்டையை வைத்து அழுத்தியிருப்பார்கள், 'காராசூரி'. நேர் வெளிச்சத்தில் வெறும் தாள், சாய்ந்த வெளிச்சத்தில் இதழின் நரம்பு எழும்பித் தெரியும். நிறமே இல்லாததால் அது வெளுக்கவும் வெளுக்காது.

நெசவுநூல் எழுதியது:

திறந்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன். ஊதா ஒரு நூலளவு கிடைத்தாலும் படம் போடுங்கள், சிவப்பும் நீலமும் என்ன அளவில் கலந்தார்கள் என்று சாயத்தொட்டியில் பிடித்துப் பார்க்க ஆசை.

கடலோரம் எழுதியது:

திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க இதுவே வேலை. அட்டை மேல்பக்கம் மட்டும் இரண்டு இடத்தில் ஒட்டியிருந்தது, கீழும் பக்கங்களும் விட்டிருந்தன. இழுக்கவில்லை, பக்கவாட்டில் தூக்கிப் பார்த்தேன்.

மீன்கொத்தியின் கழுத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில் விளக்கைச் சாய்த்ததும் சின்னச் சின்ன இறகுகள் எழுந்து வந்தன. ஒரு வருடம் தினமும் பார்த்த படம், இதைப் பார்த்ததே இல்லை.

மூன்றாவது ஐரிஸின் கடைசி இதழ் இடது விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கும். பூவை ஏன் பாதியில் வெட்டினார் என்று முன்பு நினைத்திருக்கிறேன். அந்த இதழின் நுனி அட்டைக்குள் போயிருந்தது, சுண்டுவிரல் அகலம் இருக்கும். அட்டையைத் தூக்கியதும் அங்கே ஊதா. ஹொரிகிரியில் பார்த்த அதே கெட்டி ஊதா, நடுவிலே கொஞ்சம் சிவப்பு தூக்கலாக. அட்டையின் விளிம்பு இருந்த இடத்தில் கோடு போட்ட மாதிரி நின்று, அதற்கு இந்தப் பக்கம் சாம்பல்நீலம்.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் படம் எடுத்தேன், கீழே இணைத்திருக்கிறேன். நெசவுநூல் அண்ணா, நிறம் சரியாக வந்திருக்கிறதா பாருங்கள்.